பொன்னாடைக்குப் பதில் ஒரு பருத்தித் துண்டு: ஜானகி ஆதி நாகப்பன் முகத்தைத் துணியில் அச்சிட்ட அனுபவம்

கோலாலம்பூரில் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனாலும் பொன்னாடை உண்டு. மின்னும் பாலியெஸ்டர் துணி, பளபளக்கும் கரை. தோளில் போட்டால் வழுக்கும். வியர்வை துடைக்கவும் ஆகாது. போர்த்திக்கொண்டவர் மேடையை விட்டு இறங்கியதும் அது மடித்துப் பைக்குள் போகும், பிறகு அலமாரிக்குள் போகும், அங்கேயே கிடக்கும். ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. அதற்கு நாம் கொடுக்கும் துணி அந்த எண்ணத்துக்கு ஈடாக இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

நான் கோலாலம்பூரின் செந்தூலில் ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில் செய்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை வழியே மையைத் தள்ளித் துணியில் படம் பதிக்கும் வேலை அது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான டி-சட்டைகள், திருவிழாப் பதாகைகள், சங்கங்களின் துணிப்பைகள் ஆகியவைதாம் அன்றாட வேலை. எங்கள் வட்டாரத்து வாசகர் வட்டத்தார் ஆகஸ்ட் மாத நிகழ்வுக்குப் பொன்னாடை வாங்கித் தரும்படி கேட்டபோது, வாங்க வேண்டாம், நானே பருத்தியில் துண்டு அச்சிட்டுத் தருகிறேன், அதில் நம் நாட்டுத் தலைவர் ஒருவரின் முகம் இருக்கட்டும் என்று சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். யார் முகம் என்பதில்தான் பேச்சு நீண்டது.

விடுதலைக் காலத் தலைவர் துன் சம்பந்தன் பெயர் முதலில் வந்தது. தகுதியான பெயர்தான், அவருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாலையே இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை ஒருவர் சொன்னார். 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டவர் அவர். அவருக்கும் ஒரு துணி அச்சிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நான் முன்வைத்தது ஜானகி ஆதி நாகப்பன் பெயரை. 1925இல் பிறந்து கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த பெண். 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டு, அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்தார். படைத் தலைவி கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். பர்மாவரை போய்த் திரும்பினார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார். பின்னாளில் மேலவை உறுப்பினர். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014இல் காலமானார். இவ்வளவு இருந்தும், எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்கிறார்கள். முடிவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

துணியில் தலைவர் முகத்தை அச்சிடுவது எனக்கு எங்கிருந்து தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே படிக்க வந்த தான்சானிய மாணவி ஒருவர் தம் நண்பர்களுக்கு டி-சட்டை அச்சிடக் கேட்டு வந்தார். கையிலிருந்த பொருள்களை ஒரு காங்காவில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காங்கா என்பது கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் செவ்வகத் துணி. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலம், ஜோடியாகத்தான் விற்கப்படும். நான்கு பக்கமும் அகலமான கரை, நடுவே ஒரு படம், அதன் கீழே கட்டத்துக்குள் சுவாஹிலியில் ஒரு வாசகம். அவர் கொண்டுவந்த துணியின் நடுவே தான்சானியாவின் முதல் அதிபர் நியரேரேயின் முகம் இருந்தது. கரையில் நம் மாங்காய் வடிவம் ஓடியது. அவர்கள் அதை முந்திரி என்கிறார்கள். பல ஆண்டுகளாகக் காங்காக்களில் கணிசமானவை இந்தியாவில் அச்சாகி அங்கே போனவை என்பதால் அந்த உறவு வியப்புக்குரியது அல்ல.

அந்தத் துணியை விரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் தேடித்தேடிப் படித்தேன். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றபோது அந்நாட்டுத் தலைவர் நிக்ருமாவின் முகம் பதித்த துணிகள் அங்கே தைத்து உடுத்தப்பட்டன. கேமரூனில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8, மகளிர் தினத்துக்கென்றே புதுத் துணி அச்சாகிறது. ஊரே அதை உடுத்திக்கொண்டு ஊர்வலம் போகிறது. 2008இல் ஒபாமா வென்றதும் அவர் முகம் காங்காவில் ஏறிவிட்டது. கானா விடுதலை பெற்ற அதே 1957இல்தான் ஆகஸ்ட் 31 அன்று நாமும் விடுதலை பெற்றோம். நம் தலைவர்களின் முகங்கள் நாள்காட்டியிலும் பதாகையிலும் வந்தன. உடுத்தும் துணியில் அபூர்வமாகவே வந்தன.

முதல் சிக்கல் அழகு பற்றியது அன்று, இடம் பற்றியது. முகம் உடம்பில் எங்கே விழ வேண்டும்? ஆப்பிரிக்காவில் இடுப்பில் சுற்றும் துணியிலும் தலைவர் முகம் இருக்கும். தொடையில் விழும், உட்கார்ந்தால் அடியிலும் போகும். அவர்கள் ஊரில் அது அவமதிப்பாகக் கருதப்படுவதில்லை. அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் விதம் அது. நம்மிடையே அப்படி ஏற்க மாட்டார்கள். எனக்கு வழக்கமாகத் தையல் வேலை செய்து கொடுக்கும் அக்கா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: “தம்பி, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்த அம்மாவின் முகம் இடுப்புக்குக் கீழே வரக்கூடாது.”

அதனால்தான் துண்டு. வேட்டி, சேலை, பாவாடை எதுவும் வேண்டாம், தோளில் கிடக்கும் துணியே பொருத்தம் என்று முடிவு செய்தேன். ஆனால் துண்டிலும் கணக்கு இருக்கிறது. 180 செ.மீ. நீளத் துண்டின் இரு முனைகளிலும் முகத்தை வைத்தால், கழுத்தில் போடும்போது முனைகள் இடுப்பைத் தாண்டித் தொடைவரை இறங்கிவிடும். அக்கா வேண்டாம் என்ற இடத்துக்கே முகம் போய்ச் சேரும். ஆகவே முனையை மறந்துவிட்டு நடுவிலிருந்து அளந்தேன். வெறும் துணியில் காகித வட்டங்களைக் குத்தி, உயரமானவர், குள்ளமானவர், பருத்தவர் என்று கடைக்கு வந்த எல்லோர் தோளிலும் போட்டுப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி இருபுறமும் தொங்கவிட்டால் முகம் மேலே ஏறும். ஒரு தோளில் மட்டும் போட்டால் தாழும். இரண்டுக்கும் ஒத்துவந்த இடம் துண்டின் நடுவிலிருந்து 36 செ.மீ. தள்ளிப் படத்தின் மையம் அமைவது. எப்படிப் போட்டாலும் முகம் நெஞ்சில் விழுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துண்டைத் தரையில் விரித்தால் இரண்டு படங்களின் தலையும் நடுவைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது ஒன்றுக்கொன்று எதிரெதிராக. அப்போதுதான் தோளில் போட்டதும் இரண்டும் நேராக நிற்கும். விரித்து வைத்த துணியைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு படம் தலைகீழாக இருப்பதாகத் தோன்றும். காட்சிக்கு மாட்டும் துணிக்கும் உடுத்தும் துணிக்கும் உள்ள வேறுபாடு இது. நான் உடுத்துவதற்காகச் செய்தேன்.

அகலத்துக்கும் இதே யோசனைதான். துண்டை யாரும் முழு அகலத்துக்குத் தோளில் போடுவதில்லை, மடித்துத்தான் போடுவார்கள். இரண்டாக மடித்தால் நடுவில் இருக்கும் முகத்தின் மூக்கின் மேலேயே மடிப்பு விழும். மூன்றாக மடித்து இருபுறமும் பின்னால் தள்ளினால் நடுப்பட்டை முழுதாக நிற்கும். தைத்து முடித்த அகலம் 70 செ.மீ. என்றால் நடுப்பட்டை 23 செ.மீ. சொச்சம். படத்தின் நீள்வட்டத்தை 20 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டேன். காங்காவில் இருப்பதுபோல் நீளவாக்கில் அகலக் கரை போட்டால் மடிப்புக்குள் மறைந்துவிடும் என்பதால், நீள ஓரங்களில் ஒரு சிவப்புக் கோடு மட்டும். அலங்காரம் முழுவதும் இரு முனைகளில்.

முனைக்கு என்ன அலங்காரம்? மாங்காய், அன்னம், கோபுரம் எல்லாம் எங்கும் இருக்கின்றன. ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களில் பலர் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். பால் மரத்தில் வேலை செய்த கையோடு துப்பாக்கி பிடித்தவர்கள். எனவே ரப்பர் இலை. ஒரு காம்பில் மூன்று இலை விரியும் அந்த வடிவத்தை வரிசையாக அடுக்கினால் கரைக்கு அமைந்து வருகிறது. இடையிடையே ரப்பர் விதை. அதன் மேலுள்ள புள்ளிகளைக்கூட விடவில்லை.

படத்துக்கு, பிறர் எடுத்த புகைப்படம் எதையும் அப்படியே எடுத்து அச்சிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஓவியம் படிக்கும் என் தங்கை மகள், வெளியான பல படங்களைப் பார்த்துவிட்டுத் தானே ஒன்று வரைந்தாள்: சீருடை, ஒருபக்கம் சாய்ந்த மடிப்புத் தொப்பி, நேராகப் பார்க்கும் கண்கள். பென்சில் ஓவியமாக அது மிக நன்றாக இருந்தது. அதைத் துணிக்குக் கொண்டுவருவதில்தான் இந்த வேலையின் கடினமான பகுதி இருந்தது.

டி-சட்டையில் புகைப்படம் அச்சிடும்போது நிழல்களைச் சிறு புள்ளிகளாக உடைப்போம். அதே முறையில் அங்குலத்துக்கு 35 புள்ளி வரிசை வைத்து, சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள நெருக்கமான வலையில் மாதிரி எடுத்தேன். டி-சட்டையின் பிளாஸ்டிக் மை துணியின் மேலேயே உட்காரும்; புள்ளி புள்ளியாகவே நிற்கும். துண்டுக்கு நான் எடுத்துக்கொண்டதோ நூலுக்குள் இறங்கும் சாயம். அது துளி பரவத்தான் செய்யும். பரவியபோது கன்னத்திலும் தாடையிலும் இருந்த நிழல் புள்ளிகள் அரைகுறையாக ஒட்டிக்கொண்டன. பதினெட்டு வயதுப் பெண்ணின் முகத்தில் தாடி முளைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் சரியாக இருக்கும் என்றார்கள். தோளில் கிடக்கும் துணியைக் கைதொடும் தூரத்தில் இருந்துதான் மனிதர்கள் பார்ப்பார்கள். அதை நான் வெளியே விட முடியாது.

புள்ளிகளைக் கைவிட்டுக் கோடுகளுக்குப் போனோம். பழைய தபால்தலைகளிலும் பணநோட்டுகளிலும் முகங்களைச் செதுக்கிய முறை அது. நிழல் வேண்டிய இடத்தில் கோடு தடிக்கும், வெளிச்சத்தில் மெலியும், கன்னத்தின் வளைவோடு சேர்ந்தே ஓடும். தங்கை மகள் முகம் முழுவதையும் கோட்டில் திரும்ப வரைந்தாள். கோடு எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம், இடைவெளி எவ்வளவு வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு சோதனைத் துண்டு அச்சிட்டேன். என் துணியில், என் சாயப் பசையில், 0.4 மி.மீ.க்குக் கீழே இருந்த கோடுகள் சீராக நிற்கவில்லை, 0.7 மி.மீ.க்குக் குறைவான இடைவெளிகள் அடைத்துக்கொண்டன. அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு மூக்கின் ஓரம், மேலுதடு, கண்ணிமை ஆகியவற்றைச் சரிசெய்தோம். மேலுதட்டின் மேலிருந்த நிழலை முழுவதுமாக எடுத்துவிட்டோம். இருந்த நான்கு கோடுகளை நீக்கியதும் முகம் தெளிந்தது. பார்வை எனக்கு நம்பும்படி வந்தது கீழிமையில் ஒரு கோட்டைத் தடிமனாக்கிய பிறகுதான். கோடுகளுக்கு 77 இழை தேவையில்லை. 55 இழை வலையில் சாயம் தாராளமாக இறங்கியது. சிவப்பு இலைகளுக்கு 43.

எழுத்துக்கும் இதே கவனம் வேண்டும். நீள்வட்டத்தின் கீழே ‘ஜானகி ஆதி நாகப்பன்’, அதன் கீழே ‘1925–2014’. கணினியில் இருக்கும் எழுத்துருக்கள் காகிதத்துக்குச் செய்யப்பட்டவை. ‘ஜ’வின் உள்ளே இருக்கும் சுழி, ‘ன’வின் வளையங்கள், ‘கி’யிலும் ‘தி’யிலும் மேலே வளையும் கோடு எல்லாம் துணியில் அடைத்துப் போகும். ‘ப்’ மேலுள்ள புள்ளி பரவி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி போனால் பெயரே வேறு மாதிரி படிக்கப்படும். எழுத்துருவை அடிப்படையாக வைத்து ஒவ்வோர் எழுத்தின் உட்புறத்தையும் அகலப்படுத்தினேன். புள்ளியை வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி வைத்தேன். எழுத்தின் உயரம் 14 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். தமிழ் எழுத்தைத் துணியில் அச்சிடுகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். எழுத்து அடைத்துப்போன டி-சட்டைகளை நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரிவது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

துணி வெளுத்த பருத்தி, 58 அங்குல அகலம். நீளவாக்கில் கிழித்தால் இரண்டு துண்டுக்கு அகலம் சரியாக வரும். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பகுதித் துணிக்கடைகளில் தடவித் தடவிப் பார்த்து எடுத்தேன். கடைத் துணியில் கஞ்சி இருக்கும். அதன்மேல் அச்சிட்டால் சாயம் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு முதல் சலவையிலேயே போய்விடும். சலவைச் சோடாவும் சோப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து அலசிக் காயவைத்துத் தேய்த்த பிறகுதான் மேசைக்கு வந்தது. சுருங்குவதும் அந்த இடத்திலேயே சுருங்கி முடிந்துவிடுகிறது.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெழுகுக்கோடு போட்டுத் துணியில் சாயம் தீட்டும் இந்த நாட்டு பாத்திக் கலைஞர்கள் பயன்படுத்துவது ரெமசோல் வகைச் சாயம். தூரிகையால் தீட்டிக் காய்ந்ததும் அதன்மேல் சோடியம் சிலிக்கேட் கரைசலைப் பூசுவார்கள். சில மணி நேரம் அப்படியே விட்டு அலசினால் சாயம் பருத்தியோடு நிலையாகச் சேர்ந்துவிடும். ஆவியும் வேண்டாம், கொதியும் வேண்டாம். சிலிக்கேட் பாத்திப் பொருள்கள் விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அந்த முறையில் ஒரு மாதிரி எடுத்தேன். நிறம் அருமையாக வந்தது. ஆனால் பாத்திக்கில் மெழுகுக்கோடு வேலிபோல் நின்று சாயத்தைத் தடுக்கும். என் துணியில் மெழுகு இல்லை. ஈரமான சிலிக்கேட் மேலே பட்டதும் மெல்லிய கோடுகளின் ஓரம் கசிந்தது. பூ, இலை என்றால் பரவாயில்லை. முகத்துக்கு உதவாது.

எனவே காரத்தைப் பசைக்குள்ளேயே சேர்த்து, ஆவியில் வேகவைக்கும் முறைக்கு மாறினேன். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் பசைக்கு உடம்பு தரும். சமையல் சோடா எனும் சோடியம் பைகார்பனேட் ஆவியின் சூட்டில் காரமாக மாறிச் சாயத்தை நூலோடு பிணைக்கும். ஒரு கிலோ பசைக்கு 25 கிராம் சோடா, 30 கிராம் நீலக் கருமைச் சாயம் போட்டேன். இதில் யூரியாவும் சேர்ப்பார்கள். ஆவியில் ஈரத்தை இழுத்துச் சாயம் கரைய உதவும். வெளிநாட்டுக் குறிப்புகளில் கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் என்று இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அவ்வளவு யூரியா போட்டால், அச்சிட்ட துணி காய்ந்த பிறகும் மாலை மழைக்குப் பிசுபிசுத்து ஓரம் கசியும். 50 கிராமாகக் குறைத்தேன். கோடுகள் கூர்மையாக நின்றன. பசையில் சோடா சேர்த்த பிறகு அதை வைத்திருக்கக் கூடாது, அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

சாயத்தூளை எடைபோடும்போது முகமூடி கட்டாயம். இந்த வகைத் தூள் மூச்சில் தொடர்ந்து போனால் ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரும். காற்றாடியை நிறுத்திவிட்டு, ஈரத்துணி விரித்த மேசையில் நிறுக்க வேண்டும்.

அச்சிடுவதில் சொல்ல அதிகமில்லை. மேசையின் மேல் கம்பளி, அதன்மேல் ரப்பர் விரிப்பு, அதில் மெல்லிய பசை தடவித் துணியை இழை கோணாமல் ஒட்டினேன். ஓரத்தில் இரும்புக் கம்பி, அதில் நிறுத்தக் கட்டைகள். சட்டம் அந்தக் கட்டையில் இடித்து நிற்கும்போது படம் எப்போதும் அதே இடத்தில் விழும். முதலில் சிவப்பு இலைகள், காய்ந்ததும் நீலக் கருமையில் முகமும் பெயரும். இரண்டாவது முகத்துக்குச் சட்டத்தை முழுவதுமாகத் திருப்பி வைக்க வேண்டும் என்பதால் மேசையின் எதிர்ப்பக்கத்திலும் கட்டைகள் அடித்தேன். பசையை வலை வழியே தள்ளும் ஸ்க்வீஜி ரப்பரை ஒரே அழுத்தத்தில் இரண்டு முறை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கண்ணின் வெள்ளை சுருங்கத் தொடங்குகிறது.

ஆவிக்கு நம்மிடம் இல்லாத பாத்திரமா? பழைய பாத்திரக் கடையில் பெரிய இட்லிக் கொப்பரை ஒன்று வாங்கினேன். சாயத்துக்குப் பயன்பட்ட கொப்பரை இனி ஒருபோதும் சமையலுக்குப் போகாது என்று அதன் மேலேயே பெயின்டில் எழுதிவைத்தேன். துண்டை அச்சில்லாத செய்தித்தாள் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்ட வேண்டும்; அச்சிட்ட பகுதி எதுவும் அச்சிட்ட இன்னொரு பகுதியைத் தொடக்கூடாது. சுருளைத் தட்டின் மேல் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். ஆபத்து கீழே கொதிக்கும் நீரில் இல்லை, மேலே மூடியில் இருக்கிறது. ஆவி மூடியில் பட்டுத் துளியாகி விழும். ஒரு துளி முகத்தில் விழுந்தால் அந்தத் துண்டு போயிற்று. மூடியைத் தடித்த துவாலையால் கட்டினேன், நம் பெண்கள் இடியாப்பச் சட்டிக்குக் கட்டுவது போல. சுருளின் மேலும் ஒரு துவாலையைக் கூரையாக விரித்தேன். அரை மணி நேரம் நன்றாக ஆவி வந்தால் போதும்.

கொப்பரையிலிருந்து எடுத்துப் பிரிக்கும்போது நிறம் மங்கலாக, பசை மூடி, நம்பிக்கை தராமல் இருக்கும். கவலைப்பட வேண்டாம். அலசுவதில்தான் அவசரம் கூடாது. சேராமல் தங்கிய சாயம் நிறைய வெளியேறும். அது வெள்ளைப் பகுதியில் ஏறிக்கொள்ளாமல் இருக்க, முதலில் குளிர்ந்த நீரில், ஓடும் குழாய்க்கு அடியில், துணியை விரித்துப் பிடித்து அலச வேண்டும். மடித்து ஊறப்போட்டால் முகத்தின் நிழல் எதிர் மடிப்பில் படியும். தண்ணீர் தெளிந்த பிறகே வெதுவெதுப்பான நீர். கடைசியில் சோப்புப் போட்டுக் கொதிநிலைக்கு அருகில் வேகவைத்தல். ஈரமான வெள்ளைத் துணியால் முகத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இழைகளுக்குள் நிறம் போய்விட்டதால் விரலால் தடவினால் அச்சு இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தன. பிளாஸ்டிக் மையில் இது கிடைக்காது. ஓரத்தைத் தைத்துக் கொடுத்த அக்கா, ஒன்றைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “சரியான இடத்தில்தான் இருக்கிறார்” என்றார்.

நிகழ்வில் துண்டுகளைப் போர்த்தினார்கள். வாசகர் வட்டத் தலைவி, போர்த்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் துணியை விரித்துக்காட்டி, இவர் யார், என்ன செய்தார் என்று இரண்டு வரி சொன்னார். போர்த்திக்கொண்டவர்களில் பலர் கடைசிவரை கழற்றவில்லை. வெயிலில் கார் வரை நடந்தபோது ஒரு பெரியவர் அதால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, “துண்டு பிறகு எதற்கு ஐயா?” என்றார். எனக்கு நிறைவாக இருந்தது. ஜானகியைக் கண்ணாடிக்குள் வைப்பதற்கு நான் இதைச் செய்யவில்லை.

எனக்கு இன்னும் திருப்தி தராதது பின்புறம். உயர்ந்த ஆப்பிரிக்க மெழுகு அச்சுத் துணிகளில் இருபுறமும் ஒரே அளவு நிறம் இருக்கும். எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. என் துண்டில் பின்புறம் முகம் வெளிறித் தெரிகிறது. தோளில் துணி முறுக்கிக்கொண்டால் அந்த வெளிறிய பக்கம் மேலே வந்துவிடுகிறது. பசையை இளக்கினால் ஊடுருவும், ஆனால் கோடு போய்விடும். ஆகவே துணியை மாற்றப்போகிறேன்: ‘வாயில்’ (voile) எனப்படும், இழை இன்னும் மெலிந்த பருத்தி, அதே பசை, அதே வலை. மாதிரித் துணி வாங்கிக் கஞ்சி நீக்கி வைத்திருக்கிறேன். அது ஒத்துவந்தால் அடுத்த முகம் கணபதிக்கு; கோட்டோவியத்தைத் தங்கை மகள் தொடங்கிவிட்டாள். ஜானகியின் சட்டங்களை அழிக்காமல் துடைத்து வைத்திருக்கிறேன். பள்ளியோ சங்கமோ பொன்னாடை வாங்கப் போவதற்கு முன் ஒருமுறை கேட்டால், துணிச் செலவுக்கும் சாயச் செலவுக்கும் அச்சிட்டுத் தரத் தயார்.